எண் அழிந்த வால்வு

என் கணவர் சாகும்வரை ஒரு கதையை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்சாதி வால்வுகளைச் சாம்பல் போட்டுத் துடைத்ததால் மைத்துனனின் வாழ்க்கையே பாழாய்ப் போயிற்று என்ற கதை. வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரிப்பேன். அந்தக் கதையில் பாதி உண்மை. மற்றப் பாதி அவருக்குத் தெரியாது.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் வெள்ளைக்காரப் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. என் கணவர் அங்கே களஞ்சியத்தில் வேலை பார்த்தார். யுத்தம் முடிந்து அவர்கள் மூட்டை கட்டியபோது, ஒரு சார்ஜன்ட் இவருக்கு ஓர் அம்பிளிபயரைக் கொடுத்துவிட்டுப் போனான். முகாமில் ஆட்டம் பாட்டம் நடக்கும்போது கிற்றாருக்குப் பூட்டியது. கூடவே ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, பிஸ்கட் தகரம் ஒன்றில் கண்ணாடிக் குமிழ் மாதிரியான மாற்று வால்வுகள், விமானம் ஓட்டுகிறவர்கள் கழுத்தில் கட்டுகிற மைக் ஒன்று. அந்த மைக்கைக் கிற்றாரின் வயிற்றில் ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிவிட்டால் போதும், தந்தி அதிர்வது ஸ்பீக்கரில் வரும்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு என் பேரில். கலியாணம் முடித்து வந்து ஏறியவர் அவர். கிணறு, தென்னை, நிலைக்கண்ணாடி எல்லாம் என் தாய் தந்தது. அந்த அம்பிளிபயர்ப் பெட்டி ஒன்றுதான் அவர் கொண்டுவந்த பொருள். அதில் என் விரல் பட்டால் அவருக்கு ஆகாது. இப்போது யோசித்தால் அது விளங்குகிறது. அப்போது எரிச்சலாக இருந்தது.

ஆனால் அந்தப் பெட்டி தேவைப்பட்டது என் தம்பிக்கு. ஆறு வயதில் வந்த காய்ச்சல் அவனுடைய வலது கையைச் சூம்ப வைத்துவிட்டது. விரல்கள் அசையும், பலம் இல்லை. அந்தக் கையால்தான் கிற்றார் பழகினான். வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டால் அவ்வளவு இனிமை. வெளியே வயலினும் மேளமும் தொடங்கிவிட்டால் அவன் வாசிப்பது அவனுக்கே கேளாது. கலியாண வீடுகளில் இரக்கப்பட்டு ஓரமாக ஒரு கதிரை போடுவார்கள். அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்த மரியாதை. அம்பிளிபயரில் முதன்முதலாக வாசித்த பின்னேரம் அக்கம்பக்கத்துச் சனம் வேலியடிக்கு வந்துவிட்டது. அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு அழுதான். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

பெட்டிக்குள் நாலு வால்வு. இரண்டு சின்னது, ஆரம்பத்தில் சத்தத்தைப் பிடித்துக்கொடுக்கிறவை. மூன்றாவது அந்தச் சத்தத்தைப் பெருப்பித்து ஸ்பீக்கருக்குத் தள்ளும். நாலாவதுக்குச் சத்தத்தோடு சம்பந்தமே இல்லை. வீட்டு மின்சாரம் முன்னும் பின்னும் ஓடுவதை ஒரே திசையில் ஓட வைப்பது அதன் வேலை. சார்ஜன்ட் சொன்னதை இவர் எனக்குப் பெருமையாகச் சொல்லிக் காட்டியதில் நான் பிடித்துக்கொண்டது இது. மூன்றாவதும் நாலாவதும் வெளியே பார்த்தால் ஒரே உயரம், ஒரே பருமன். அடியில் ஒரேமாதிரி எட்டுக் கால். எந்தக் குழியிலும் எதுவும் இறங்கும். செய்தவனுக்கு மூளை இருந்தால் அப்படிச் செய்திருப்பானா? கண்ணாடியில் வெள்ளை மையால் போட்டிருந்த எண் மட்டும்தான் வித்தியாசம்.

எனக்கு அந்த எண் தேவைப்படவில்லை. நான் சட்டை ஓரங்களுக்கு ரேந்தை பின்னுகிறவள். நூல் எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று பார்த்தே பழகிய கண். சத்தத்துக்கான வால்வில் ஒரே ஒரு தகட்டுக் கூடு, அதற்குள் மெல்லிய கம்பி சுற்றிச் சுற்றிப் போகும். மற்றதில் தகடு இரண்டு, கம்பிச் சுற்று கிடையாது. வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு கலியாணம் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் பாண்ட் நடத்துகிறவர். அவருக்கு ஒரு கிற்றார்க்காரன் தேவை, தம்பி வாசித்துக் காட்டட்டும், பிடித்தால் கையோடு கூட்டிப்போகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தம்பிக்கு இருபத்திரண்டு வயது. ஒரு கிழமையாக அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

கலியாணத்தன்று காலையில் வழக்கம்போல விளக்குச் சிமினிகளைத் துடைக்க உட்கார்ந்தேன். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்திருந்தாலும் வீட்டில் இருந்தது ஒரு பல்பும் ஒரு பிளக்கும்தான். மற்ற அறைகளுக்கு மண்ணெண்ணெய் விளக்கு. சாம்பலும் பழந்துணியும் கையில் இருக்க, பிஸ்கட் தகரத்தைத் திறந்து பார்த்தேன். உப்புக் காற்றில் வால்வுகள் மங்கிப்போய்க் கிடந்தன. நல்ல நாளும் அதுவுமாக இப்படியே கொண்டுபோவதா என்று அவற்றையும் துடைத்தேன். பளபளவென்று வந்தது. கடைசி வால்வையும் கீழே வைத்த பிறகுதான் துணியில் ஒட்டியிருந்த வெள்ளை மையைக் கண்டேன்.

நானே போய் அவரிடம் சொன்னேன். மணப்பெண்ணுக்குப் பூக்கட்ட எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

“என்னகா, சிமினியெண்டு நினைச்சியா? உனக்குத் தலைக்குள்ள என்ன இருக்கு, சாம்பலா?” என்றார் அவர்.

“நம்பர் போனா என்ன? உள்ளுக்குப் பாத்தாத் தெரியும். சத்தத்துக்குப் போடுறது எதெண்டு நான் காட்டுறன்.”

“நீ எனக்குக் காட்டப்போறியா? போட்டுப் பாத்தா எரியும். எரிஞ்சாச் சரி. போ, போய்ச் சோத்தைப் பார்.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சோற்றைப் பார்க்கப் போனேன். அந்தச் சிரிப்பு நாள் முழுக்க என் காதுக்குள் இருந்தது.

பின்னேரம், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் தம்பி வாசித்தான். முதல் பாட்டிலேயே பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. கொழும்புக்காரர் கையிலிருந்த கிளாசை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் சத்தம் கரகரத்து, தேய்ந்து, நின்றுவிட்டது. மூன்றாவது வால்வு செத்துவிட்டது.

என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். செத்ததைக் கழற்றி மேசையில் வைத்தார். அதைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்திருந்தாலே போதும். பார்க்கவில்லை. தகரத்திலிருந்து ஒன்றை எடுத்தார். பெண்கள் வரிசையில் முன்னுக்கு, ஐந்தாறு அடி தூரத்தில் நான் இருந்தேன். யன்னல் வெளிச்சம் கண்ணாடிக்குள் விழுந்தது. தகடு இரண்டு.

அதை அந்தக் குழியில் இறக்கினார். கொஞ்சம் பொறுத்துச் சிவப்பாக ஒளி வந்தது. சபையைப் பார்த்துச் சிரித்தார்.

“எரியுது! தம்பி, நீ வாசி!”

அவன் கையைத் தந்தியில் வைப்பதற்குள் பெட்டியிலிருந்து கருகிய வாசம் வந்தது. பிறகு புகை. மின்சாரத்தை மறித்து அளவாக விடவேண்டிய இடத்தில் ஒன்றையும் மறிக்காத வால்வு இருந்தால் மின்சாரம் மடை உடைத்த மாதிரிப் பாயாமல் என்ன செய்யும்? ஸ்பீக்கருக்குப் போகிற செப்புச் சுருள் எரிந்துபோயிற்று. அதற்கு மாற்று மட்டக்களப்பில் எந்தக் கடையில் இருக்கிறது?

கொழும்புக்காரர் நல்ல மனுசன். “பரவாயில்ல தம்பி, சும்மா வாசிங்க” என்றார். தம்பி வாசித்தான். மேளக்காரர்கூடக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஓடி விளையாடத் தொடங்கினார்கள், கதிரைகள் இழுபட்டன. அந்த மனுசன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்து கேட்டார். பிறகு தலையாட்டினார். பிறகு தன் கிளாசைத் தேடினார்.

அந்த வால்வு சூடேறுவதற்கு, ஆறுதலாக எண்ணினால், இருபது எண்ணலாம். அந்த இருபதும் எனக்குக் கிடைத்தது. நான் கத்தியிருக்கலாம். எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். சபையில் புருசனை மறித்துப் பேசக்கூடாது என்று இருந்தேன் என்று மற்றவர்களுக்குச் சொல்லலாம், எல்லாரும் நம்புவார்கள். அது பொய். காலையில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே பெண்களுக்கு முன்னால் இந்த மனுசன் மூக்குடைபடட்டும் என்று இருந்தேன். வாய்க்குள் சிரிப்புக்கூட வந்தது. பெட்டிக்கு அடுத்த முனையில் என் தம்பி இருக்கிறான் என்பது புகையைக் கண்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தம்பி தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தான். கடிதங்களுக்கு இடது கையால் முத்திரை குத்தினான். அடுத்த மாரிக்குள் கிற்றாரை யாருக்கோ கொடுத்துவிட்டு, ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தான். அத்தான் சொல்லித் திரிகிற கதை அவன் காதுக்கும் போயிருந்தது.

“அக்கா, ஆக்கள் கதைக்கிறதை மனசில வைக்காத. நீ நல்லதுக்குத்தானே துடைச்சாய். நான் உன்னை ஒருநாளும் கோவிக்கல்ல.”

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“சோறு போடட்டா?” என்று கேட்டேன்.