பருகு என்றால் ஓட்டம்

ஓசூரில் அரை மணி நேரம் ஓடினாலும் பனியன் நனைவதில்லை. வந்த புதிதில் இதை ஏதோ உடம்புக் கோளாறு என்றே நினைத்தேன். எங்கள் இராமநாதபுரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்தாலே முதுகு ஈரமாகிவிடும். இங்கே ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. போனில் சொன்னபோது அம்மா நம்பவில்லை. "நீ ஓடியிருக்க மாட்டப்பா, நடந்திருப்ப" என்றாள். தளி ரோட்டில் விடிகாலையில் என்னைப் பார்க்கிறவர்களும் நம்புவதில்லை. பால் கேன் கட்டிய பைக்குகள் என் பக்கத்தில் வந்து வேகம் குறைக்கும். "பஸ்ஸ உட்டுட்டீங்களா? ஏறுங்க, புடிச்சிரலாம்." இல்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்பேன். "சும்மாவா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு மனிதன் சும்மா ஓடுவான் என்று அவர்களுக்கு விளக்க என் தமிழும் போதவில்லை, தெரிந்த நாலு கன்னடச் சொல்லும் போதவில்லை.

சும்மா ஓடுகிறேன் என்பதும் முழு உண்மையில்லை. இருபது வயதில் ஊரில் நான் ஓடியது பட்டாளத்துக்காக. விடியுமுன் கண்மாய்க்கரையில் பத்துப் பதினைந்து பேர் ஓடுவோம். ஆள்சேர்ப்பு மைதானத்தில் ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓட வேண்டும். குறித்த நேரம் முடிந்ததும் பாதையின் குறுக்கே கயிற்றைப் பிடித்துவிடுவார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனவன் பட்டாளத்தான், இந்தப் பக்கம் நின்றவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டாவது முறை போனபோது அந்தக் கயிறு என் நெஞ்சில் வந்து பட்டது. அதற்குப் பிறகு ஊரில் டீக்கடையைத் தாண்டுவதே கஷ்டமாகிவிட்டது. "என்னப்பா, பட்டாளத்துல இருந்து எப்ப வந்தீக?" என்று சிரிக்காமல் கேட்பார்கள். ஐடிஐ சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு ஓசூருக்கு பஸ் ஏறினேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய வசதி எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

கார்களுக்கான ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். நாற்பதை நெருங்கும்போது டாக்டர் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார். நடக்க ஆரம்பித்தேன், நடை ஓட்டமானது, ஓட்டம் ஒரு நாள் ஆசையானது. பெங்களூரில் நடக்கும் மாரத்தானில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிவிடுவது என்று முடிவுசெய்தேன். பதினாறு வாரப் பயிற்சி அட்டவணை ஒன்றைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டேன். செவ்வாய் வேக ஓட்டம், புதன் மேடேறும் ஓட்டம், ஞாயிறு நீள ஓட்டம். எல்லாமே காலையில். ஆனால் எங்களுக்கு ஒரு வாரம் ஏ ஷிஃப்ட், மறு வாரம் பி ஷிஃப்ட். ஏ ஷிஃப்டில் காலை ஆறு மணிக்கு லைனில் நிற்க வேண்டும். அட்டவணையும் ஷிஃப்டும் எந்த விதத்திலும் ஒத்துவரவில்லை.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஷிஃப்ட் சார்ட் போடுவது என் பொறுப்பு. இன்னொரு சூப்பர்வைசரிடம் பேசினேன். நாலு மாதம் நான் பி ஷிஃப்டிலேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் ஏ ஷிஃப்டைப் பாருங்கள் என்றேன். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். கை பழகிய ஆறு பேரை மாற்றாமல் ஏ ஷிஃப்டிலேயே தனக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தேன். ஆறு பெயர்களை மேலிருந்து கீழாக ஒரே கட்டத்தில் ஒட்டினேன். கம்ப்யூட்டரில் அது அரை நிமிஷ வேலை. மூன்றாவது பெயர் முனிரத்னம்மா.

முனிரத்னம்மா ஒப்பந்தத் தொழிலாளி. முப்பத்தைந்து வயதிருக்கும். தளி ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளிய ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவசரம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். சார்ட் ஒட்டிய பத்தாவது நாள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் என் மேஜைக்கு வந்தார்.

"சார், ஒரு வாரம் ஏ, ஒரு வாரம் பின்னா சமாளிச்சிக்குவேன். டெய்லி ஏ ஷிஃப்டுன்னா முடியல சார். காலைல எழுந்தா ஒகட்டே பருகு."

பருகு என்று காதில் விழுந்ததும் குடி என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் காலையிலேயே குடிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். பத்தொன்பது வருடம் இந்த மண்ணில் சோறு தின்றும், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"வீட்டுப் பிரச்சினையெல்லாம் வீட்டுல பேசித் தீத்துக்கோங்கம்மா. சார்ட்டு மேல இருந்து வருது. என் கையில ஒண்ணுமில்ல."

அவர் நோட்டீஸ் போர்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "சரி சார்" என்று போய்விட்டார்.

பயிற்சி நன்றாகப் போனது. வாரத்துக்கு வாரம் தூரம் கூடிக்கொண்டே வந்தது. பதினாலாவது வாரம், ஒரு புதன்கிழமை, ஏற்றம் இறக்கமான பாதை வேண்டுமென்று தளி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, கொஞ்ச தூரம் போய் மறுபடி ரோட்டை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தேன். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. பனி கண்ணை மறைத்தது. எனக்கு முன்னால் யாரோ ஓடுவது தெரிந்தது. தோளில் சாப்பாட்டுப் பை, இடுப்பில் தூக்கிச் செருகிய சேலை, ஒரு கையில் செருப்பு. வெறுங்காலோடு தார் ரோட்டில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தார். நெருங்கியபோதுதான் முனிரத்னம்மா என்று அடையாளம் தெரிந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் இன்று வெட்கமாக இருக்கிறது. என்னைப்போல் ஒருவர், அதுவும் என் லைனிலேயே!

"நீங்களும் பிராக்டீஸா?" என்று கேட்டேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது. "ஆமா சார்" என்றார். சூப்பர்வைசர் கேட்டால் ஆமாம் என்று சொல்லியே பழகியவர் அவர்.

"சூப்பர்! நல்ல ஸ்பீடு! கைய இன்னும் கொஞ்சம் மடக்கி ஓடுங்க!"

அப்படியே சொன்னேன். கையை மடக்கி ஓடச் சொன்னேன். அவரும் செருப்புப் பிடித்த கையை மடக்கிப் பார்த்தார். மேடு முடியும் இடத்தில் பிரிவு ரோட்டில் எங்கள் கம்பெனி பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். ஜன்னல் வழியாக இரண்டு மூன்று பெண்கள் தலையை நீட்டிக் கத்தினார்கள். "அக்கா, பருகெத்து! பருகெத்து!"

முனிரத்னம்மா என்னை விட்டுவிட்டுப் பாய்ந்தார். பஸ் நகர நகர ஏறிக்கொண்டார். தெலுங்கில் பருகு என்றால் ஓட்டம். அந்த நேரத்தில் அவர் கிராமத்துக்கு பஸ் கிடையாது. நான் ஒட்டிய சார்ட்டுக்காக மூன்று மாதத்துக்கு மேலாக அவர் தினமும் நாலு கிலோமீட்டர் ஓடி வந்திருக்கிறார். புகை அடங்கிய பிரிவு ரோட்டில், ஊதா நிற ஷூவோடு நான் நின்றேன்.

அன்றே சார்ட்டை மாற்றியிருக்கலாம். அரை நிமிஷ வேலைதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவும் செய்தேன். மாற்றினால் அந்த இன்னொரு சூப்பர்வைசர் பழைய ஒப்பந்தத்தைக் கலைப்பார், எனக்கு ஏ ஷிஃப்ட் வரும், கடைசிக் கட்டப் பயிற்சி கெடும். பந்தயத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. முடிந்ததும் முதல் வேலையாக மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் ஓடுவதை விட்டுவிட்டு ராயக்கோட்டை ரோட்டுக்குப் போனேன். சார்ட் அப்படியே இருந்தது. நான் ஓடும் ரோடு மாறிவிட்டது.

பந்தயத்துக்கு நாலு நாள் முன்பு, இரண்டு ஷிஃப்டிலும் லேட்டாக வந்தவர்களின் மாதப் பட்டியல் என் கையெழுத்துக்கு வந்தது. மூன்று லேட் விழுந்தால் பெயர் காண்ட்ராக்டருக்குப் போகும். முனிரத்னம்மா பெயருக்கு எதிரில் மூன்று இருந்தது. மூன்று நாள் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார். பேனா ஒரு கணம் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டேன்.

பெங்களூரில் ஓடி முடித்தேன். வழி நெடுக முன்பின் தெரியாதவர்கள் கைதட்டினார்கள், வாழைப்பழமும் உப்புத் தண்ணீரும் நீட்டினார்கள். கோட்டைத் தாண்டியதும் ஒரு பெண் என் கழுத்தில் மெடலை மாட்டிக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அழுதேன். அந்த அழுகையில் முனிரத்னம்மாவுக்குப் பங்கில்லை. இத்தனை வருடம் கழித்து என்னை மறிக்கக் கயிறு இல்லாத ஒரு கோட்டைத் தாண்டிய சந்தோஷம் மட்டும்தான் அது. இந்தக் கட்டுரையில் எனக்கு எழுதக் கூசும் வாக்கியம் இதுதான்.

திங்கட்கிழமை சார்ட்டைத் திறந்தபோது மூன்றாவது பெயர் வேறாக இருந்தது. காண்ட்ராக்டர் ஆளை மாற்றிவிட்டார். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் முனிரத்னம்மாவைக் கம்பெனி ஆளாக எடுப்பது பற்றிப் பேச்சு இருந்தது. மெடலோடு நான் நிற்கும் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பக்கத்திலேயே ஷிஃப்ட் சார்ட்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் அவர் கிராமத்துக்குப் போனேன். ஊர் முனையிலேயே ரோஜாத் தோட்டம், பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகைகள். அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். கையெல்லாம் முள் கீறல்.

"வாங்க சார்! போட்டோ ஒட்டிருக்காங்களாமே, நம்ம லைன் பொண்ணுங்க சொன்னாங்க. ஃபஸ்ட்டு வந்தீங்களா?"

"இல்லம்மா. எனக்கு முன்னாடி ஆயிரம் பேருக்கு மேல."

"அவுனா, அப்டியா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "அப்ப எதுக்கு சார் ஓடினீங்க?"

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லிவிடலாமென்று ஆரம்பித்தேன். "முனிரத்னம்மா, அந்தச் சார்ட்டு மேல இருந்து வரல. நான்தான் போட்டேன். என் பிராக்டீஸுக்காகப் போட்டேன்."

"தெரியும் சார். கீழ உங்க கையெழுத்து இருந்துச்சே." கோபமே இல்லாமல் சொன்னார். "அன்னிக்கு ரோட்டுல பாத்தீங்கல்ல? அப்ப மாத்திருவீங்கன்னு நெனச்சேன். ஊட்டுல கூட சொன்னேன், சார் கண்ணால பாத்துட்டாரு, இனிமே கஷ்டமில்லன்னு."

காண்ட்ராக்டரிடம் பேசுகிறேன், திரும்ப வாருங்கள் என்றேன். தலையை ஆட்டினார். "வேணா சார். இங்க கம்பெனி மாதிரி வராது, தெரியும். ஆனா நடந்தே வந்துர்லாம்."

அதற்குள் டவுன் பஸ் ஊருக்குள் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவருக்குத்தான் முதலில் சத்தம் கேட்டது. "சார், பஸ்சு! ஓடுங்க, ஓடுங்க! உட்டா அப்பறம் சாயங்காலந்தான்!"

நூறடி இருக்கும். எனக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் அந்த மனுஷி பார்த்துக்கொண்டிருக்க, அந்த ரோட்டில் என்னால் ஓட முடியவில்லை. பஸ் என்னைத் தாண்டி, மேட்டில் ஏறி மறைந்தது.

"என்ன சார், அவ்ளோ தூரம் ஓடுறவரு..." என்று அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சரி, பாத்துப் போங்க சார்."

நாலு கிலோமீட்டரையும் நடந்தேன். வழியில் ஆட்டை மேய விட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துத் தெலுங்கில் கேட்டார். முனிரத்னம்மாவோட கம்பெனி சாரா நீங்க என்பதுதான் கேள்வி என்று இந்த முறை சரியாகவே புரிந்தது. பத்தொன்பது வருடத்தில் இந்தச் சீமையில் தெருவில் வைத்து என்னை இன்னாரென்று அடையாளம் கண்ட முதல் ஆள் அவர்தான். "அவுனு, நான்தான்" என்றேன். ஊரில் டீக்கடையைத் தாண்டும்போது எப்படித் தலையைக் குனிந்துகொள்வேனோ, அதேபோல் குனிந்துகொண்டு, உள்ளூர்க்காரன் போல ரோட்டின் ஓரமாக நடந்தேன்.