கேட்ட கேள்விக்கு மட்டும்

இந்த ஊரில் லிஃப்டில் ஏறியதும் ‘ஹௌ ஆர் யூ’ என்பார்கள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் இந்தக் காப்பெல் ஊருக்கு வந்த புதிதில் நான் பாட்டுக்கு என் முதுகுவலியைச் சொல்லத் தொடங்க, ஒரு வெள்ளைக்கார அம்மாள் தன் தளம் வருமுன்பே இறங்கிப் போனார். அன்றிலிருந்து அளந்து பேசக் கற்றேன். நன்றாகவே கற்றேன் என்பதுதான் வெட்கக்கேடு.

எங்கள் வேலை, மருத்துவமனைகளுக்கான ஒரு பழைய ஜாவாஸ்கிரிப்ட் செயலி. அதில் ஒவ்வொரு பகுதியும் தனக்கு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்கும். அது வந்து சேரும். ஆனால் எல்லாக் கோப்புகளையும் சுருக்கி ஒன்றாகக் கட்டும்போது, அதைச் செய்யும் கருவியான மினிஃபையர் அந்தப் பெயர்களை ஒற்றை எழுத்தாக வெட்டிவிடும். பிறகு எது எதைக் கேட்கிறது என்றே தெரியாது. அதனால் முன்கூட்டியே அதே பெயர்களை மேற்கோள்குறிக்குள்ளும் எழுதிவைக்க வேண்டும். அதில் மினிஃபையர் கைவைக்காது. இரண்டு வாரம் மாடாக உழைத்தேன். ஒரு கோப்பு விட்டுப்போனது. என் கணினியில் சுருக்காமல் ஓட்டிப் பார்த்ததால் அது தெரியவில்லை.

நான் எழுதியதைச் சரிபார்க்க வேண்டியவள், கூட வேலை பார்த்த கவிதா. தஞ்சாவூர்க்காரி, எச்-ஒன்-பி விசாவில் இருந்தவள். “நீங்க பண்ணா கரெக்டாத்தான்ணா இருக்கும்” என்று திறந்துகூடப் பார்க்காமல் அப்ரூவ் செய்தாள். நம் ஆட்களுக்குள் அதுதான் வழக்கம். நானும் அவளுக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை நோயாளிகள் பதிவுப் பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது. “ஹூ அப்ரூவ்டு திஸ்?” என்றார் மேனேஜர். சென்னை அலுவலகத்தில் ஒருமுறை, “நான்தான் சார் சொதப்பிட்டேன்” என்று எழுந்து நின்றிருக்கிறேன். எல்லோர் முன்னும் திட்டிவிட்டு, கீழே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்கள். இங்கே, பாதியில் நிற்கும் என் க்ரீன் கார்டுதான் கண்முன் வந்தது. “கவிதா” என்றேன். எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. அப்போது தயாராகிக்கொண்டிருந்த ஆட்குறைப்புப் பட்டியலுக்கு அவருக்கு ஒரு பெயர் போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளை அனுப்பிவிட்டார்கள். விசா தந்த அறுபது நாளில் வேறு வேலை அமையவில்லை; ஊர் திரும்பியாக வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அவள் வீட்டுக்குப் போனேன். கூடமெல்லாம் பெட்டிகள். “அங்கிள், கேன் மை பைக் கம் டூ?” என்றாள் அவள் மகள்.

“வாங்கண்ணா. பெட்டியில எடமிருக்கு. அம்மாவுக்கு ஏதாவது அனுப்பணும்னா குடுங்க, நானே கும்பகோணம் போய்க் குடுத்துடறேன்.”

“நாளைக்குக் கொண்டுவர்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அம்மாவுக்கான வைட்டமின் மாத்திரை டப்பாக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் கோழை.

போன வாரம் அம்மா பேசினாள். “அந்தப் பொண்ணு நேர்லயே வந்துச்சுடா. அமெரிக்காவுல அண்ணன் மட்டும் இல்லேன்னா ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பேன்னு சொல்லிச்சு. நீ எப்ப வர்ற?”

பொங்கலுக்குப் போட்டிருந்த டிக்கெட்டை அன்றே கேன்சல் செய்தேன். லீவு இல்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மாத்திரையை அவள் தினமும் தவறாமல் போட்டுக்கொள்கிறாளாம்.