காவல்காரர் மகள்

பதுளை பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் ஈரமான யூக்கலிப்டஸ் விறகு புகைந்தது. அந்த நெடியில், லுணுகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நான் வளர்ந்த லயத்து வீட்டின் குசினி நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா தோட்டத்துக் காவல்காரர். அவர் இருப்பதால்தான் எல்லோரும் பயமில்லாமல் தூங்குகிறார்கள் என்று எனக்குப் பெருமை.

ஒரு மழைநாளில், புருஷனை இழந்த மருதாயி அக்கா சுள்ளிக்கட்டோடு மலையிலிருந்து இறங்கினார். அப்பா அதைத் தலையிலிருந்து தட்டிவிட்டார்.

"தோட்டத்து வெறகத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்!"

முந்தின நாள்தான் கணக்கப்பிள்ளையின் ஆட்கள் ஒரு முழு மரத்தையே டிராக்டரில் கொண்டுபோனார்கள். அப்பா சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார்.

மருதாயியின் கட்டை அப்பா எங்கள் குசினிக்குக் கொண்டுவந்தார். அம்மா அதில் அடுப்பு மூட்டவில்லை. அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தூக்கிக்கொண்டு மருதாயி வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"இந்தா மருதாயி, எடுத்துக்க."

"வேணாம்க்கா. நாளைக்கும் நான் அந்த மலைக்குத்தானே போகணும்."

பேசிக்கொண்டே என்னைப் பார்த்தவர், தன் சின்ன மகளை இழுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். என்னைக் கண்டும் ஒருவர் பயப்படுவார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எந்தத் தோட்டம்மா நீ? யாரு மக?" என்று தேநீர்க் கடையில் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் கேட்டார்.

அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

"அப்பா பேரு?"

"பஸ் வந்துருச்சுங்க" என்று எழுந்துவிட்டேன். பஸ் இன்னும் வந்திருக்கவில்லை.