மாமனார் பெயரில் ஒரு நார்வேக்காரர் மெட்டு

என் மாமனாரை எனக்குப் பிடிக்காது. செத்தவரைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாக எழுது என்பவர்கள் அவர் வீட்டில் மருமகளாக இருந்து பார்த்திருக்க வேண்டும். வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்து வேதக்கோயிலுக்கு அவர் உபதேசியார். நான் அங்கே காலால் மிதித்து ஆர்கன் வாசிப்பவள்.

எழுபதுகளின் தொடக்கம். கொல்லத்தில் மீன்பிடிப் படகு வேலைக்கு வந்திருந்த நார்வேக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் வெயிலுக்குத் தப்பி மலையேறி வந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை வாசித்தார். அவர்கள் நாட்டுக்காரர் எழுதியதாம். ஊரே கொண்டாடிய வேறொருவரின் நிழலில் கிடந்து, கோயில் ஆர்கன் வாசித்து வயிற்றைக் கழுவி, எழுதியதில் பாதியை அச்சில் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவராம். எனக்கு அந்த மனுஷனை உடனே பிடித்துப்போயிற்று. போகும்போது அந்த அம்மாள் இசைத்தாளை எனக்கே கொடுத்துவிட்டார்.

அதைச் சபைக்கு முன்னால் ஒருநாள் முழுசாக வாசிக்க வேண்டும். அந்த வீட்டில் நான் வேறெதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மாமனாரிடம் கேட்டேன். "வார்த்த இல்லாத பாட்டு ஆண்டவருக்கு எதுக்குட்டி?" என்றார். ஆனால் மெட்டை விடவில்லை. அதற்கு ஒரு கீர்த்தனை கட்டினார். நடுவில் மெட்டு தணிந்து, தயங்கி, எங்கெங்கோ அலைந்து திரும்பும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பாட்டின் உயிரே அதுதான். அங்கே சொல் உட்காரவில்லை என்று அதை வெட்டி எறிந்தார். வருஷா வருஷம் சபைகள் கூடும் கன்வென்ஷனுக்கான பாட்டுப் புத்தகத்தில் ஆதி தாளம் என்று போட்டு, இயற்றியவர், மெட்டமைத்தவர் இரண்டுக்கும் தன் பெயரையே அச்சடித்துக்கொண்டார். ஜால்ரா தட்டி ஓட்டமாகப் பாடினார்கள். அதற்கும் நானே வாசிக்க வேண்டியிருந்தது. வயிறு எரிய எரிய மிதித்தேன்.

சில வருஷம் கழித்து அவர் இறந்தார். அடக்க ஆராதனையில் 'உபதேசியார் மெட்டை' வாசிக்கச் சொன்னார்கள். சபை எழுந்து பாடியது. வெட்டிய இடம் வந்தபோது நான் தாண்டவில்லை. எழுதியவர் எழுதியபடியே போனேன். ஜால்ரா தடுமாறி நின்றது, பாட்டும் நின்றது. கடைசிச் சுரம் வரை வாசித்துவிட்டு, "இது நார்வேக்காரர் ஒருத்தர் எழுதினது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, "பொணத்த வச்சிக்கிட்டுப் பேசுற பேச்சாட்டி இது?" என்றார்.

"உசுரோட இருக்கும்போது பேச விட்டாரா உங்கப்பா?" என்றேன்.