நக்சோஸா, பாரோஸா?

சிட்னியிலிருந்து மெல்பர்னில் மச்சினி வீட்டுக்கு வந்தவர்கள், ஓக்லியில் ஒரு கிரேக்கக் கேக் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். அக்டோபரில், கிரேக்கத்தின் இலையுதிர் காலத்தில், அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறோம்; அதில் நான்கு நாள் ஒரு தீவில். நக்சோஸ் தீவின் துறைமுக ஊரில் தங்குவதா, பாரோஸ் தீவின் நௌசாவிலா? அந்த நான்கு நாளுக்காக நான்கு மாதமாக யோசிக்கிறேன். இரண்டிலும் அறை பிடித்தாயிற்று. இன்று மாலைக்குள் ஒன்றை ரத்து செய்தாக வேண்டும்.

“இண்டைக்கும் முடிவெடுக்காட்டி நான் தங்கச்சி வீட்டிலயே நிண்டிடுவன்,” என்கிறாள் என் மனைவி ஜெயந்தி. யாழ்ப்பாணத்துக்காரி, சொன்னால் செய்வாள்.

காப்பி கொண்டுவரும் கடைக்கார அம்மாள் நக்சோஸில் பிறந்தவராம். எனக்குத் தெய்வமே நேரில் வந்த மாதிரி இருக்கிறது. பாரோஸ் எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

“தெரியாதே. எங்க வீட்டிலிருந்து பார்த்தா கடலுக்கு அந்தப் பக்கம் தெரியும். ஒரு நாளும் போனதில்லை.”

“ஏன்?”

“போகலாம், போகலாம்னு பேசிக்கிட்டே இருந்தோம். அப்புறம் ஆஸ்திரேலியா வந்துட்டோம்.”

ஜெயந்தி அதற்குள் போனில் பாரோஸ் அறையை ரத்து செய்துவிட்டாள்.

“நக்சோஸ்தான். அங்க இருந்துகொண்டு நாலு நாளும் பாரோஸைப் பார்த்து யோசியுங்கோ.”

அவள் அதை ஆங்கிலத்தில் சொல்ல, அம்மாள் விழுந்து விழுந்து சிரிக்கிறார். நானோ, எங்கள் அறை கடலைப் பார்த்ததுதானா என்று படங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.