கை படாமலே பிரியும் நிறம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பழக்கமில்லாத நம்பரிலிருந்து போன்.

“ஏனுங்க மேடம், எங்க கம்பெனி புஸ்தகத்தைத் தமிழ்ல எழுதுனது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க. நீங்க?”

“வேஸ்ட் பிரிக்கிற டேபிள்ல இருக்கற ருக்மணிங்க. கை படாமலே கலர் பிரியுதுன்னு போட்டிருக்கீங்களே... அப்ப நாங்க நாலு பேரும் காலுலயா பிரிக்கறோமுங்க?”

குரலில் கோபமே இல்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீரபாண்டியில் ஒரு பெரிய பனியன் ஏற்றுமதி கம்பெனி. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்காக வருடா வருடம் ரிப்போர்ட் போடுகிறார்கள். எவ்வளவு வேஸ்ட்டைத் திரும்ப நூலாக்கினோம், அதற்கு என்னென்ன டிஜிட்டல் டெக்னாலஜி வைத்திருக்கிறோம் — எல்லாம் வழவழ காகிதத்தில், பச்சை இலை படத்தோடு. தொழிலாளர்களும் படிக்கும்படி தமிழிலும் வேண்டும் என்று பையர் சொல்லிவிட்டாராம். அந்த வேலை எனக்கு வந்தது.

ரிப்போர்ட் தயாரிக்கும் ஆபீசர் பிரதீப் தங்கமான மனிதர். மாடியில் ஏசி ரூமில் உட்கார வைத்து, காபி கொடுத்து, ஸ்க்ரீனில் அத்தனையும் காட்டினார். துணி வெட்டும்போது விழும் துண்டுகளை மூட்டை கட்டுகிறார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர். ஸ்கேன் செய்தால் எந்த ஆர்டர், என்ன நிறம், எந்த மில்லுக்குப் போகிறது என்று வந்து நிற்கிறது. மில்லில் அதைப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்குகிறார்கள். நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுத்தால் திரும்பச் சாயம் போட வேண்டியதில்லை. சாயத் தண்ணீரோடு இத்தனை காலம் மல்லுக்கட்டிய ஊருக்கு இது சின்ன விஷயமா? எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

பெருமை வந்தால் எழுதுகிறவளுக்குக் கை சும்மா இருக்காது. இங்கிலீஷில் ‘டிஜிட்டல் வசதியுடன் கூடிய நிறப் பகுப்பு’ என்கிற மாதிரி ஏதோ இருந்தது. சப்பென்று இருக்கிறதே என்று ‘கை படாமலே நிறம் பிரிகிறது’ என்று போட்டேன். பிரதீப் பிரமாதம் என்றார்.

கீழே துண்டு பிரிக்கிற ஷெட்டுக்குப் போய் ஒரு தடவை பார்த்தேனா? உங்களிடம் மறைப்பானேன்... இல்லை. நல்ல வெயில்.

என் தமிழ் எல்லோருக்கும் நன்றாகப் புரிந்துவிட்டது. ஃபேக்டரி மேனேஜருக்கும் புரிந்தது. கை படாமலே பிரிகிறது என்றால் டேபிளில் நாலு பெண்கள் எதற்கு என்று கேட்டிருக்கிறார். ஒன்றாம் தேதியிலிருந்து நாலு பேரும் பேக்கிங்குக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. இங்கிலீஷில் இருந்தவரை யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை!

பேக்கிங் என்றால் நாள் முழுக்க நிற்கிற வேலை. ருக்மணிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருக்கிறது.

“டேபிள்ல நாற்காலி போட்டு உக்காந்து செய்யறதுனாலதானுங்க ஓட்டீட்டு இருக்கறேன். நிக்கச் சொன்னா ஊட்டுக்குப் போக வேண்டீதுதானுங்க மேடம்” என்றார்.

அன்று மதியமே ஓடினேன். இந்த முறை நேராக ஷெட்டுக்கு. ருக்மணி, செல்வி, ஸ்டெல்லா, ஒடிசாவிலிருந்து வந்த சுனிதா — நாலு பேரும் துண்டுக் குவியலுக்கு நடுவில். ருக்மணி இரண்டு துண்டுகளை நீட்டினார்.

“இது என்ன கலருங்க?”

“நீலம்.”

“இது?”

“அதுவும் நீலம்தான்.”

“ஸ்க்ரீனும் அதையேதானுங்க சொல்லுது.” இரண்டாவது துண்டை இழுத்துக் காட்டினார். ரப்பர் மாதிரி நீண்டது. “இது கழுத்துப்பட்டிங்க. லைக்ரா கலந்தது. இது சேந்து போச்சுன்னா மில்லுல மெஷின்ல சுத்திக்குமுங்க.”

ஸ்டிக்கரை ஸ்கேன் செய்கிற ஆப் என்ன செய்கிறது தெரியுமா? ஆர்டர் நம்பரைப் பார்த்து நிறத்தை அதுவே நிரப்பிக்கொள்கிறது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. விரலால் இழுத்துப் பார்க்கிற இந்த நாலு பேருக்குத்தான் தெரியும்.

மேனேஜரிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். அவர் நம்பவில்லை. “ஸ்க்ரீன்ல தெளிவா வருதுங்களே மேடம்?”

என் பின்னாலேயே கைப்பிடியைப் பிடித்து மெல்ல மாடி ஏறி வந்திருந்த ருக்மணி சொன்னார்: “ஒரு லோடு நாங்க தொடலீங்க சார். ஸ்க்ரீன் சொல்ற மாதிரியே அனுப்பிப் பாருங்க.”

அனுப்பினார்கள். நாலாம் நாள் லோடு மில்லிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. பிரதீப்பின் ஸ்க்ரீனில் சிவப்பாக ஒரு வரி. பேக்கிங் உத்தரவு ரத்து.

பிரதீப் பிறகு பையர் அனுப்பிய ஃபார்மைக் காட்டினார். எத்தனை டன், எத்தனை சதவீதம், என்ன டெக்னாலஜி — எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. யார் செய்தார்கள் என்பதற்கு மட்டும் இல்லை. அவர் என்ன செய்வார்? கேட்ட கட்டத்தைத்தானே நிரப்ப முடியும்? பெரிய கம்பெனி ரிப்போர்ட்டுகள் பொய் சொல்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். மாடியில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. எனக்கே தெரிந்ததே!

திரும்ப அச்சடிக்கிற தமிழ் ரிப்போர்ட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, நாலு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். “பேஜ்ல இடமில்லீங்க மேடம்” என்றார் பிரதீப். தமிழாக்கம் என்று என் பெயர் இருந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். இடம் கிடைத்தது.

ருக்மணிக்கு போன் போட்டு, கொஞ்சம் ஜம்பமாகவே விஷயத்தைச் சொன்னேன்.

“சந்தோசமுங்க மேடம். இங்கிலீசு புஸ்தகத்துலயும் மாத்தீட்டாங்களா?”

“இல்லீங்க. அது ஏற்கெனவே பையருக்குப் போயிருச்சாம்.”

மெதுவாகக் கேட்டார்: “அப்ப நாளைக்கு வேற மேனேஜரு வந்து அதைப் படிச்சா... எங்க நாற்காலி இருக்குமுங்களா?”

வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து, இங்கிலீஷிலும் நாலு பேர் பெயரைப் போட்டுத் திருத்தி அனுப்புங்கள் என்று தினமும் பிரதீப்புக்கு போன் செய்கிறேன். என் நம்பரைப் பார்த்தாலே பயப்படுகிறாராம்.

பயப்படட்டும்.