குதித்தவர் முன்னால் விழுவார்

அகிலா டீச்சருக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது கல்கத்தா ஜாதவ்பூரில் அவரிடம் படித்த அத்தனை பிள்ளைகளுக்கும் தெரியும். மாயவரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், இருபத்திரண்டு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறார். இவள் பெங்காலியில் முதலில் திட்டக் கற்றுக்கொண்டாள், அப்புறம்தான் பேசக் கற்றுக்கொண்டாள் என்று கணவர் வேதாச்சலம் கிண்டல் செய்வார். ஆனால் அந்த வியாழக்கிழமை காலை, காவல் நிலையத்து மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வந்தது வேறு மாதிரிக் கோபம்.

வேதாச்சலம் தலையில் கட்டோடு மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். காளிகாட் நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டார். கண்டக்டர் சொன்னதைக் கேட்டுப் போலீசார் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள்: ‘ஓடும் பேருந்திலிருந்து குதித்து விழுந்தார்.’ தப்பு அவர் மேல்தான், விசாரிக்க ஒன்றுமில்லை.

குதித்தாராம்! வேதாச்சலமா!

இந்த ஊரில் பஸ் முழுதாக நிற்பது பெண்களுக்காகத்தான். கண்டக்டர், “ஆஸ்தே, லேடீஸ்!” என்று கத்தித் தகரத்தைத் தட்டினால், மெதுவாக்கி நிறுத்துவார்கள். ஆண்பிள்ளை என்றால் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதோடு சரி. இடது காலை முன்னால் வைத்து நாலடி ஓடி இறங்கிக்கொள்ள வேண்டும். ஊரே அப்படி இறங்குகிறது. வேதாச்சலம் மட்டும் மாட்டார். அலிப்பூர் ஆபீசுக்குப் பத்தொன்பது வருடமாகப் போய்வருகிற மனுஷர், பஸ் நின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்து, அப்புறம்தான் காலை எடுத்து வைப்பார். போன மாதம் அகிலாவே பொறுக்கமாட்டாமல், “நீங்க என்ன லேடீஸா? சட்டுனு இறங்கித் தொலைங்களேன்” என்று பஸ்ஸிலேயே எரிந்து விழுந்திருந்தார். அந்தப் பேச்சு இப்போது நெஞ்சைக் குத்தியது. கோபத்தில் பாதி தன் மேலேயேதான்.

மேஜோபாபு என்று எல்லோரும் கூப்பிடுகிற இரண்டாம் அதிகாரி டீயை உறிஞ்சினார். “தீதிமணி,” என்றார், டீச்சர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். “எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கல்கத்தாவுல எவன் குதிக்காம இறங்கறான்? நானே குதிப்பேன்.”

“குதிச்சா எப்படி விழுவீங்க?”

“என்னது?”

“கால் தரையில நின்னுடும். உடம்பு பஸ்ஸோட வேகத்துலயே முன்னால போகும். முட்டி, உள்ளங்கை, மூஞ்சி, எல்லாம் தேஞ்சிருக்கணும். இவருக்கு அடி பின்மண்டையில. உள்ளங்கையில ஒரு கீறல் இல்ல. டாக்டர் எழுதினது உங்க ஃபைல்லயே இருக்கு. படிச்சீங்களா?”

படிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அகிலா தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்த ஃபைலின் மேலேயே நிறுத்தினார்.

“ஃபைல்தான் பஸ். பாட்டில் என் வீட்டுக்காரர்.”

ஃபைலை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினார். பாட்டில் அவர் பக்கமாக முன்னால் விழுந்தது. “இவன் குதிச்சவன்.” மறுபடி நிமிர்த்தி வைத்து, சும்மா இருந்த ஃபைலை வெடுக்கென்று இழுத்தார். பாட்டில் பின்னால் சாய்ந்து, மூடி கழன்று, அதிகாரியின் சட்டையை நனைத்தது. “இவர் நின்ன பஸ்ஸிலேர்ந்து இறங்கினவர். ஒரு கால் தரையில, ஒரு கால் படியில இருக்கும்போதே பஸ்ஸை எடுத்திருக்கான். அவரோட வலது செருப்பு எங்க கிடந்தது?”

அது அலமாரியில் சீட்டுக் கட்டி இருந்தது. பஸ் படியில் கிடந்ததாகக் கண்டக்டரே கொண்டுவந்து கொடுத்தது. இடது செருப்பு ரோட்டில் கிடந்திருக்கிறது.

“ஒரு காலை பஸ்லயே விட்டுட்டு எவனாவது குதிப்பானா?” அகிலாவின் குரல் வாசல்வரை கேட்டது. “இதைப் பதினாலு வயசுப் பிள்ளைங்களுக்கு போர்டுல பஸ் வரைஞ்சு சொல்லித் தரேன். நீங்க எழுதினதுக்கு என் கிளாஸ்ல முட்டைதான்!”

கான்ஸ்டபிள் ஒருவர் சிரித்துவிட்டார். மேஜோபாபு சிரிக்கவில்லை. சட்டையைத் துடைத்துக்கொண்டு டாக்டரின் தாளை முதல் தடவையாகப் படித்தார், கண்டக்டரைக் கூட்டிவரச் சொன்னார்.

கண்டக்டர் வந்து செருப்பைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். “பின்னால இன்னொரு பஸ் முந்த வந்தது. ஆம்பளைதானேன்னு கிளம்பச் சொல்லித் தட்டிட்டேன்” என்றான். அகிலாவுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவன் சொன்னதற்கும் போன மாதம் பஸ்ஸில் தான் சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்ற, பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார். பெங்காலியில் இருந்த புது வாக்குமூலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் மதியம் வேதாச்சலம் கண்ணைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோய், காய்ந்த வாயால் மெதுவாகச் சொன்னார்:

“கோச்சுக்காத அகிலா. சட்டுனுதான் இறங்கினேன். அதுக்குள்ள எடுத்துட்டான்.”